சூப்பர்மேனும் 130 டொலரும்

சூப்பர்மேனை அறியாத சிறுவரைக் காண்பது இன்று அரிது. நீல உடையும் சிவப்பு மேற்போர்வையும் மார்பிற் பொறித்த ஓர் எழுத்தும் மொழிகடந்த அடையாளங்களாகிவிட்டன. எனினும், அவனைப்பற்றி நாம் அறிந்தனவாகக் கருதுபவற்றுட் பல அவனோடு பிறந்தவையல்ல. 1938 இல் வெளிவந்த முதற் சூப்பர்மேன் பறக்கமாட்டான், தாண்டுவான். ஒரே பாய்ச்சலில் எட்டிலொரு மைல் தூரம் செல்வான், இருபது மாடிக் கட்டிடமொன்றைக் கடப்பான், அவ்வளவே. அவன் முதலிற் பொருதியது வேற்றுலக அரக்கருடனன்று. சுரங்க முதலாளி, ஆயுத வியாபாரி, சட்டசபையை விலைக்கு வாங்கும் தரகன், மனைவியை அடிக்கும் கணவன் ஆகியோரே அவனுடைய பகைவர்.

இத்தகைய செய்திகளைத் துணுக்குகளாகத் திரட்டிச் சிறுவர் பத்திரிகைகள் வெளியிடுவதுண்டு. அவை சுவையானவைதாம். ஆனால் துணுக்குகளை நூலிற் கோத்துப் பார்ப்போமானால், அங்கே இரண்டு ஏழை இளைஞரின் கற்பனையும், அக்கற்பனையை விலைக்கு வாங்கிய ஒரு கம்பனியின் கணக்கும், அவ்விரண்டுக்குமிடையில் அரை நூற்றாண்டாக நடந்த போராட்டமும் தெரிகின்றன. நாம் சொல்ல விரும்புவது அந்த வரலாற்றையே.

ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் இருவரும் 1914 இற் பிறந்தவர்கள்; ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடிக் கடல்கடந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். சீகலின் தந்தை லித்துவேனியாவிலிருந்து வந்து, அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்திலுள்ள கிளீவ்லாந்து நகரில் உடுப்புக்கடை வைத்திருந்தவர். ஷூஸ்டரின் தந்தை தையற்காரர். ஷூஸ்டர் பிறந்தது கனடாவின் ரொறொன்ரோ நகரில். அங்கே சிறுவயதில் அவர் தெருவிற் கூவி விற்ற பத்திரிகையின் பெயர் 'டெய்லி ஸ்ரார்'. பிற்காலத்தில் சூப்பர்மேன் கண்ணாடியணிந்து, கிளார்க் கென்ற் என்ற சாதுவான நிருபராக வேலைசெய்த பத்திரிகைக்கும் முதலில் அதே பெயர்தான் இடப்பட்டது. 'டெய்லி பிளனற்' என்ற பெயர் 1940 இல் வந்ததே. பத்திரிகை விற்ற பையன், தான் சுமந்த சுமையைத் தன் வீரனுக்கு உத்தியோகமாகக் கொடுத்தான் என்று நாம் கொள்ளலாம்.

ஷூஸ்டர் குடும்பம் கிளீவ்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. கிளென்வில் உயர்தரப் பாடசாலையில் இருவரும் நண்பராயினர். ஒருவர் எழுதுவார், மற்றவர் வரைவார். வரைதாள் வாங்கப் பணமில்லாதபடியால், கடையில் பொருள் சுற்றித் தந்த பழுப்புத் தாளிலும், எறியப்பட்ட சுவர்த்தாளின் பின்புறத்திலும் ஷூஸ்டர் வரைந்தார். தாயார் மாவு பிசையும் பலகையே அவருக்கு மேசை. மாரிகாலத்தில் வீட்டைச் சூடாக்க வசதியின்றி, பல கம்பளிச் சட்டைகளை ஒன்றன்மேலொன்றாக அணிந்துகொண்டு வரைந்ததாக அவரே பின்னாளிற் கூறியிருக்கிறார்.

1932 ஜூன் 2 ஆந் திகதி சீகலின் தந்தை தம் கடையிற் களவு நடந்தவேளை மாரடைப்பால் விழுந்திறந்தார். மகனுக்கு அப்போது வயது பதினேழு. துப்பாக்கிக் குண்டு துளைக்காத உடல்படைத்த ஒருவனை அந்த மகன் கற்பனை செய்தமைக்கு இம்மரணமே வித்தென்று பலர் எழுதியுள்ளனர். சீகலோ, வாழ்நாள் முழுதும் கொடுத்த நேர்காணல்களில் இதைப்பற்றி வாய்திறக்கவில்லை. ஆகவே நாமும் இதை ஊகமென்ற அளவில் விட்டுவிடுவோம்.

ஊகத்துக்கு இடமில்லாத வேறொரு செய்தி உண்டு. 1933 ஜனவரியில், தாமே தட்டெழுதிப் படியெடுத்து வெளியிட்ட சிறு சஞ்சிகையொன்றில், சீகல் 'சூப்பர்மேனின் ஆட்சி' என்ற பொருள்பட ஒரு கதை எழுதினார். அக்கதையின் சூப்பர்மேன் நல்லவனல்லன், மொட்டைத்தலையுடைய கொடியவன். இலவசப் பாணுக்காக வரிசையில் நின்ற வேலையற்ற ஏழையொருவனை, ஒரு விஞ்ஞானி உணவும் உடையும் தருவதாக ஆசைகாட்டி அழைத்துச்சென்று, தன் பரிசோதனைக்குப் பயன்படுத்துகிறான். அதனாற் பிறர் மனத்தை ஆளும் ஆற்றல் பெற்ற அந்த ஏழை, உலகையே அடக்கியாள முற்படுகிறான். ஈற்றில் ஆற்றல் நீங்கி, மீண்டும் அதே பாண் வரிசைக்குத் திரும்ப வேண்டியவனாகிறான். அமெரிக்கத் தொழிலாளரில் நால்வருக்கொருவர் வேலையிழந்து நின்ற ஆண்டு அது. சூப்பர்மேன் என்ற பெயர் முதன்முதற் சூட்டப்பட்டது ஒரு பசித்த மனிதனுக்கு என்பதை அவனைக் கொண்டாடுவோர் பெரும்பாலும் அறியார்.

அதே ஆண்டில் கொடியவன் நல்லவனாக மாற்றப்பட்டான். ஆனால் வாங்குவார் இல்லை. ஒரு பிரசுரகர்த்தர் கைவிட்டபோது, மனமுடைந்த ஷூஸ்டர் தாம் வரைந்த தாள்களைத் தீயிலிட்டார். அட்டைப்படத்தை மட்டும் சீகல் மீட்டெடுத்தார். மீண்டும் தொடக்கத்திலிருந்து வரைந்தனர். பத்திரிகைகளுக்குச் சித்திரத்தொடர் வழங்கும் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதைத் திருப்பியனுப்பின. நாயகனின் தோற்றத்துக்கு நடிகர் டக்ளஸ் ஃபெயர்பாங்ஸும், கண்ணாடியணிந்த நிருபனுக்கு நகைச்சுவை நடிகர் ஹரோல்ட் லொய்டும் மாதிரிகளாயினர். நாயகி லொயிஸ் லேனுக்கு மாதிரியாக நின்றவர், வேலைதேடிப் பத்திரிகையில் விளம்பரம் செய்த ஜோவான் என்ற இளம்பெண். பின்னர், 1948 இல், அவரே சீகலின் மனைவியானார்.

1938 தொடக்கத்தில் நியூயோர்க்கிலுள்ள ஒரு சித்திரக்கதைக் கம்பனி, தான் புதிதாகத் தொடங்கவிருந்த 'அக்‌ஷன் கொமிக்ஸ்' இதழுக்குப் பக்கம் நிரப்பப் பொருள் தேடிக்கொண்டிருந்தது. இளைஞர் இருவரும் தம்மிடமிருந்த பழைய தொடரை வெட்டி ஒட்டிப் பதின்மூன்று பக்கமாக்கி அனுப்பினர். பக்கத்துக்குப் பத்து டொலர் வீதம் 130 டொலர் கூலி. அதனுடன் ஒரு தாளிற் கையொப்பமும் கேட்கப்பட்டது. சூப்பர்மேன் மீதான சகல உரிமைகளையும் எக்காலத்துக்கும் கம்பனிக்கு விட்டுக்கொடுப்பதாக அத்தாள் கூறியது. கையொப்பமிட்டனர். அக்காலத்தில் அத்தொழிலில் அதுவே வழமை. வழமையென்பதனால் மட்டும் ஒன்று நீதியாகிவிடாது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

பத்துச் சதம் விலையில், 1938 ஏப்ரல் 18 இல், ஜூன் மாத இதழாக அது கடைக்கு வந்தது. இரண்டு இலட்சம் பிரதிகள் அச்சாகியிருந்தன.

அந்த இதழையும் தொடர்ந்து வந்தவற்றையும் புரட்டிப் பார்ப்போருக்கு வியப்புக் காத்திருக்கிறது. முதற் கதையிலேயே சூப்பர்மேன் நள்ளிரவில் ஆளுநரின் வீட்டுக்கதவைப் பெயர்த்துச்சென்று, கொலைத்தண்டனைக்கு ஆளாகவிருந்த நிரபராதிப் பெண்ணொருத்தியைக் காப்பாற்றுகிறான். கதையின் முடிவில் வொஷிங்டனுக்குச் சென்று, அரசியல்வாதியை விலைக்கு வாங்கும் தரகனொருவனைப் பிடித்துக்கொள்கிறான். இரண்டாம் இதழில் அத்தரகனுக்குப் பணம்கொடுத்த ஆயுத முதலாளி அகப்படுகிறான். அவனைச் சிறையிலடைக்கவில்லை, அவன் விற்ற ஆயுதங்களாற் சண்டைநடக்கும் நாட்டுக்கு இழுத்துச்சென்று, சாதாரணப் படைவீரனாகச் சேரச்செய்கிறான். தன் குண்டு தன் தலைக்குமேல் வெடிக்கும்போது முதலாளிக்குச் சமாதானத்தில் ஆசை பிறக்கிறது. அடுத்து, எதிரெதிர்ப் படைகளின் தளபதிகள் இருவரையும் தூக்கிவந்து, நீங்களிருவருமே சண்டையிட்டு முடியுங்கள் என்கிறான் சூப்பர்மேன். எதற்காகப் போர்புரிகிறோம் என்பது அவ்விருவருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் இதழே எம்மை மிகவும் கவர்ந்தது. நிலக்கரிச் சுரங்கமொன்று இடிந்து தொழிலாளியொருவன் முடமாகிறான். குற்றம் தொழிலாளியின் கவனக்குறைவே என்கிறான் முதலாளி. சூப்பர்மேன் சுரங்கத் தொழிலாளியின் வேடத்தில் முதலாளி மாளிகையின் விருந்துக்குள் நுழைகிறான். பொழுதுபோக்குக்காக விருந்தினர் அனைவரும், பட்டுடையும் நகையுமாக, சுரங்கத்துக்குள் இறங்குகின்றனர். அவர்கள் உள்ளே போனதும் அவன் வாயிலை இடித்து மூடுகிறான். அபாய மணியை அடிக்கிறார்கள். அது பழுதடைந்து கிடக்கிறது. மண்வெட்டியை எடுத்துத் தோண்டுகிறார்கள். சிறிது நேரத்தில் கை ஓய்ந்துவிடுகிறது. எவ்விதப் பாதுகாப்புமில்லாத இக்குழிக்குள் நாள்தோறும் மனிதர் வேலைசெய்கின்றனர் என்பது முதலாளிக்கு அப்போதுதான் உறைக்கிறது. வெளியே வந்தபின், தன் சுரங்கத்தையே நாட்டின் மிகப் பாதுகாப்பான சுரங்கமாக்குவேன் என்கிறான்.

1939 ஜனவரி இதழிலோ, சேரிப்பிள்ளைகள் திருடராவது ஏன் என்ற கேள்விக்கு அவன் விடைதேடுகிறான். புயலால் அழிந்த ஊரில் அரசாங்கம் நல்ல வீடுகள் கட்டிக்கொடுத்த செய்தியைப் படித்தபின், அவனே புயலாகிச் சேரியின் இடிந்த வீடுகளைத் தகர்க்கிறான். அவனைத் தடுக்கப் படையும் விமானங்களும் வருகின்றன. அவை போட்ட குண்டுகள் மிஞ்சிய வீடுகளையும் தரைமட்டமாக்கிவிடுகின்றன! அவ்விடத்தில் அரசாங்கம் புதிய வீடுகளைக் கட்டுகிறது.

இக்கதைகளில் முதிர்ந்த அரசியல் தத்துவமிருக்கிறதென்று நாம் சொல்லவில்லை. முதலாளியின் மனம் ஓரிரவில் மாறுவது சிறுபிள்ளைக் கற்பனை. தொழிலாளர் ஒன்றுகூடிப் போராடவேண்டிய இடத்தில் வானத்திலிருந்து ஒருவன் குதித்துவருவது அதனிலும் பெரிய கனவு. ஆயினும் இதை எழுதியவர்கள் யாருடைய பக்கத்தில் நின்றார்கள் என்பதில் ஐயமில்லை.

அந்தச் சூப்பர்மேன் நீண்டகாலம் வாழவில்லை. அவனைக் கொன்றது பகைவனல்லன், விற்பனையே. 1939 இற் பத்திரிகைகளில் தினத்தொடர். 1940 இல் வானொலி. அதே ஆண்டு ஜூலையில் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் அவன் பெயரால் ஒரு விழாநாள். பொம்மைகள், உடுப்புகள், விளையாட்டுப் பொருட்கள். இத்தனை விலையேறிய பண்டமொன்று வீடுகளை இடிப்பதும் கார் தொழிற்சாலையை நொருக்குவதும் கம்பனிக்கு ஒவ்வுமோ? (மட்டமான கார்கள் விபத்தை விளைவிக்கின்றன என்று கோபித்து அவன் ஒரு தொழிற்சாலையையே உடைத்த கதை 1939 இல் வந்தது.) கம்பனியின் ஆசிரியர்கள் எழுத்தைக் கண்காணிக்கலாயினர். சொத்துடைமையை எதிர்த்தவன் வங்கிப் பணத்துக்குக் காவற்காரனானான்.

புகழ் வளர வளர அவனுடைய ஆற்றல்களும் வளர்ந்தன; அவற்றிற் பல சீகலும் ஷூஸ்டரும் கொடுத்தவையல்ல. 1941 இல் ஃபிளெய்ஷர் சகோதரர் எடுத்த அசையும் சித்திரப் படங்களில், தாண்டும் மனிதனைவிடப் பறக்கும் மனிதன் கண்ணுக்கு இனிதாயிருந்தான். பத்திரிகை ஆசிரியர் பெரி வைற்றும், ஜிமி ஒல்சன் என்ற பையனும் வானொலியில் வேரூன்றியவர்கள். அவனைத் தளரச்செய்யும் கிரிப்டனைற் என்ற கல் 1943 இல் வானொலி நாடகத்திற் பிறந்தது. சித்திரக்கதைக்கு அது வந்துசேர 1949 ஆயிற்று. சீகல் 1940 இலேயே இத்தகைய உலோகமொன்றை வைத்து ஒரு கதை எழுதியிருந்தார். அதில் லொயிஸ் லேன் சூப்பர்மேன் யாரென்ற உண்மையை அறிந்துவிடுகிறாள். கம்பனி அதை வெளியிடவில்லை. உண்மை தெரிந்த பெண் வியாபாரத்துக்கு இடைஞ்சல் போலும்!

போர்க்காலச் செய்திகள் சில தனியே குறிப்பிடத்தக்கவை. அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்பே, 1940 பெப்ரவரியில், 'லுக்' என்ற சஞ்சிகைக்காக அவ்விருவரும் இரண்டு பக்கக் கதையொன்று செய்தனர். சூப்பர்மேன் ஹிட்லரையும் ஸ்டாலினையும் கழுத்திற் பிடித்துத் தூக்கி, ஜெனிவாவிலிருந்த சர்வதேச சங்கத்தின்முன் நிறுத்துகிறான். இருவரையும் ஒரே கைப்பிடியில் அடக்கியது எல்லாருக்கும் உவப்பாயிராது. ஆனால் உடனே துடித்தெழுந்தவர்கள் நாசிகளே. ஏப்ரல் மாதத்தில் எஸ்.எஸ். படையின் வாரப் பத்திரிகை, சீகல் ஒரு யூதர் என்பதைச் சுட்டி வசைபொழிந்து முழுக்கட்டுரை எழுதிற்று. ஐரோப்பாவையே விழுங்கிக்கொண்டிருந்த ஒரு படை, கிளீவ்லாந்திலிருந்து பத்துச் சதப் புத்தகம் எழுதிய இளைஞனுக்குப் பதில்சொல்ல நேரம் ஒதுக்கியது.

அமெரிக்கா போரில் இறங்கியபின் சூப்பர்மேன் ஏன் படையிற் சேரவில்லையென்று சிறுவர் கேட்பார்களே என்ற சங்கடம் பிறந்தது. 1942 இல் வந்த விடை இது: கிளார்க் கென்ற் சேரத்தான் போனான், கண் பரிசோதனையில், சுவரை ஊடுருவும் பார்வையால் அடுத்த அறையிலிருந்த அட்டையைத் தவறுதலாக வாசித்துவிட்டபடியால், குருடனென்று திருப்பியனுப்பப்பட்டான். 1945 ஏப்ரலிலோ விளையாட்டு வினையாயிற்று. பத்திரிகைத் தொடரில் சூப்பர்மேன் அணுவைப் பிளக்கும் சைக்கிளோட்ரன் கருவியின்முன் நின்றான். நூல்நிலையங்களில் எவரும் படித்தறியக்கூடிய கருவியே அது. ஆயினும் அமெரிக்கப் போர்த் திணைக்களம் அக்கதையை நிறுத்தச்செய்தது. அதற்குப் பதிலாக, சூப்பர்மேன் தனியொருவனாய் நின்று பேஸ்போல் விளையாடும் கதை வந்தது. நான்கு மாதத்தின்பின் ஹிரோஷிமா எரிந்தபோதுதான் காரணம் விளங்கிற்று.

போர் முடிந்தபின் ஒருமுறை, வானொலியிலே, பழைய சூப்பர்மேன் கண்விழித்தான். 1946 ஜூனில் தொடங்கிய பதினாறு பகுதித் தொடரில் அவன் எதிர்த்தது, 'எரியும் சிலுவைக் குழு' என்ற பெயரில் வந்த கூ குளுக்ஸ் கிளானையே. சீனக் குடும்பமொன்று நகரின் வேறொரு பகுதியிற் குடியேறுகிறது. அவ்வீட்டுப் பையன் பேஸ்போல் அணியில் இடம்பெறுகிறான். இடமிழந்த வெள்ளைப் பையனின் மாமன் வெள்ளைமுகமூடிக் கும்பலின் தலைவன். அக்குடும்பத்தின் முற்றத்திற் சிலுவை எரிகிறது. கறுப்பரை உயிரோடெரித்தவர்கள் தண்டனையின்றித் திரிந்த நாட்டில், பிள்ளைகள் பாடசாலை விட்டுவந்து கேட்கும் நிகழ்ச்சியில், காலையுணவுத் தானியம் விற்கும் கெலொக் கம்பனியின் செலவில் இது ஒலித்தது. கொடுமைக்கு ஆளானவராகக் கறுப்புக் குடும்பமொன்றைக் காட்டும் துணிவு அந்நாடகத்துக்கும் இருக்கவில்லை என்பதையும் நாம் குறிக்கவேண்டும். இருந்தும், 2019 இல் சீன வமிசத்து எழுத்தாளர் ஜீன் லுவன் யங் அதே கதையைச் சித்திரக்கதையாகப் புதுப்பித்தபோது அது பழங்கதையாகத் தோன்றவில்லை.

இனி அவ்விருவரிடம் திரும்புவோம். தொடக்க ஆண்டுகளில் அவர்கள் பட்டினி கிடந்தார்களென்று சொல்வது பொய். கம்பனி அவர்களையே எழுதவும் வரையவும் வைத்தது, கூலியும் உயர்ந்தது. கிளீவ்லாந்தில் ஒரு சித்திரக்கூடம் வைத்து, உதவியாளர்களை அமர்த்தினர். அவ்வுதவியாளர்களின் பெயர் எந்தப் பக்கத்திலும் வந்ததில்லை. எல்லாம் சீகல், ஷூஸ்டர் பெயரிலேயே போயின. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

சீகல் முன்பே கம்பனிக்கு எழுதிக்கொடுத்த ஒரு யோசனை, சூப்பர்மேனின் சிறுவயதுக் கதையான 'சூப்பர்போய்'. கம்பனி அதை ஏற்கவில்லை. 1943 இல் சீகல் படையிற் சேர்க்கப்பட்டார். அவர் படைச்சேவையிலிருந்தவேளை, 1945 தொடக்கத் திகதியிட்ட இதழில், சூப்பர்போய் அவருடைய அனுமதியின்றி வெளிவந்தான். 1947 இல் இருவரும் வழக்கிட்டனர். சூப்பர்போய் சீகலுடையவனென்றும், சூப்பர்மேன் கம்பனியுடையவனென்றும் தீர்ப்பாயிற்று. 1948 இல் 94,000 டொலருக்குச் சற்று மேலான தொகைக்கு இணங்கி, இரண்டு உரிமைகளையும் விட்டனர்; அதிலும் சட்டத்தரணிகளின் பங்கு போக மிஞ்சியதே அவர்களுக்கு. வேலை போயிற்று. பக்கங்களின் தலைப்பிலிருந்து அவர்களுடைய பெயர்களும் அழிக்கப்பட்டன. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பார்கள் நம்மவர். இங்கே பெயர்கூட மிஞ்சவில்லை.

ஷூஸ்டரின் பார்வை மங்கி, வரைவது நின்றது. கடிதமும் பொதியும் கொண்டுசெல்லும் எடுபிடி வேலை செய்தார். சீகல் 1959 இல் அதே கம்பனிக்குத் திரும்பி, பக்கக் கூலிக்கு, தன் பெயரின்றி, தான் படைத்த வீரனுக்கே கதை எழுதினார். மீண்டும் உரிமை கோரியபோது அவ்வேலையும் போயிற்று. இரண்டாம் வழக்கும் 1974 இல் தோற்றது. அப்போது அவர் கலிஃபோர்னியாவில் ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் தட்டெழுத்தாளர்.

1975 இற் சூப்பர்மேன் பெருஞ்செலவிற் திரைப்படமாகவிருக்கிறது என்ற செய்தி வந்தது. சீகல் பத்திரிகைகளுக்கு நீண்ட கடிதமெழுதினார். அதில் அப்படத்தைச் சபித்தார். இம்முறை அவர் தனித்து நிற்கவில்லை. நீல் அடம்ஸ், ஜெரி றொபின்சன் என்ற சித்திரக்காரர் இருவர் முன்னின்றனர். சித்திரக்காரர் சங்கங்கள் சேர்ந்தன. பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் கேள்விகேட்டன. ஏறக்குறைய முப்பது ஆண்டாக இரண்டு வழக்குகள் செய்யமுடியாததை, சகதொழிலாளரின் குரல் மூன்று மாதத்திற்குட் செய்தது. அவ்வாண்டு டிசம்பரில், கம்பனியின் உரிமையாளரான வார்னர் நிறுவனம் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டொலர் உபகாரச் சம்பளமும் வைத்தியச் செலவும் தர ஒப்புக்கொண்டது. அழிக்கப்பட்ட பெயர்கள் மீண்டன. 1978 இல் வெளிவந்த அப்படத்திற் சில நிமிடமே தோன்றிய மார்லன் பிராண்டோவுக்கு 37 இலட்சம் டொலர் கொடுக்கப்பட்டதென்பதையும் இவ்விடத்தில் எழுதிவைப்போம்.

ஷூஸ்டர் 1992 இலும் சீகல் 1996 இலும் மறைந்தனர். அதன்பின் குடும்பத்தினர் தொடுத்த வழக்கில், 2008 இல் அவர்களுக்குப் பங்குண்டென்று தீர்ப்பு வந்தது. 2013 இல் மேல்நீதிமன்றம், 2001 இல் நடந்த கடிதப் பரிமாற்றமே உடன்படிக்கையாகுமென்று கூறி அதை மாற்றிற்று. அமெரிக்கச் சட்டப்படி 95 ஆண்டுக்காலம் முடிந்து, 2034 ஜனவரி முதலாந் திகதி, சுரங்கத்துக்குள் முதலாளியை அடைத்த அந்த முதற் சூப்பர்மேன் பொதுச் சொத்தாவான்.

2024 இல் அந்த முதல் இதழின் ஒரு பிரதி 60 இலட்சம் டொலருக்கு ஏலம்போயிற்று. அதற்கு முன், 2012 இல், வேறொரு தாள் 1,60,000 டொலருக்கு விலைபோயிருந்தது. அது 1938 மார்ச் முதலாந் திகதியிட்ட, 412 டொலருக்கான காசோலை. வேறு கதைகளுக்கான கூலியோடு சூப்பர்மேனுக்கான 130 டொலரும் அதில் ஒரு வரியாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. காசோலையில் இருவருடைய பெயரும் பிழையாக எழுதப்பட்டிருந்தன. அதனால் அதன் பின்புறத்தில் அவர்கள் இருமுறை கையொப்பமிட நேர்ந்தது: கம்பனி எழுதியவாறு பிழையாக ஒருமுறை, தம் பெயரைச் சரியாக மறுமுறை.